பட்டியலில் இல்லாத மதிவாணன்

எங்கள் பங்குக் கோயில் திருவிழா மலரில் ஒவ்வொரு வருடமும் பங்கு மக்களில் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் போடுவார்கள். இந்த வருடம் என்னைப் பற்றிப் போடப்போவதாகச் சொல்லி ஒரு போட்டோ கேட்டு வந்தார்கள். முப்பத்தாறு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், நேர்மைக்குப் பேர்போன அல்போன்சா டீச்சர். நான் போட்டோ கொடுக்கவில்லை. என் தம்பி வில்லியத்தைப் பற்றி நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "எலக்ட்ரிஷியன் வில்லியமா? அவரைப் பத்தி எழுத என்ன டீச்சர் இருக்கு?" என்று கேட்டார்கள். இதுதான் இருக்கிறது. மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

வில்லியத்துக்கு ஐம்பத்தைந்து வயது. எனக்கு ஆறு வயது இளையவன். சாந்தோமில் எங்கள் அம்மா விட்டுப்போன வீட்டில் கீழே அவன் இருக்கிறான், மேலே நான். மனைவி இறந்து எட்டு வருடம் ஆகிறது. மகள் சோஃபியாவைத் திருச்சியில் கட்டிக்கொடுத்துவிட்டான். காலையில் நொச்சிக்குப்பத்துப் பக்கம் போய் மீன் வாங்கி வந்து, குழம்பு வைத்து, எனக்கு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போவான். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அவன் கை படாத ஸ்விட்ச் போர்டு குறைவு. பத்து வருடத்துக்கு முன்னால் வயரிங் செய்த கடையிலிருந்து போன் வந்தால், நின்ற இடத்திலிருந்தே, "ரெண்டாவது மாடி, ஏணிக்குப் பின்னாடி, மேல்வரிசைல மூணாவது ஃப்யூஸ், அதப் பாரு நைனா" என்பான். அதே ஃப்யூஸாகத்தான் இருக்கும். இதை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். இதற்குப் பெயர் ஞாபகசக்தி என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. அவன் பத்தாம் வகுப்பு முடிக்காதவன். என் புத்தியில் அவன் இடம் அதுதான்.

அவன் ஏன் முடிக்கவில்லை என்பது பங்கில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் பங்குப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அரையாண்டுத் தேர்வு, வரலாறு. ஆள் பற்றாக்குறையில் என்னைப் பத்தாம் வகுப்பு ஹாலுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வரிசையில் வில்லியம். அவன் ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் நாலாக மடித்த பிட் இருந்தது. எடுத்துக்கொண்டுபோய் ஹெட்மாஸ்டர் மேஜைமேல் வைத்தேன். "உன் தம்பிதானேம்மா, வீட்ல வெச்சுக் கண்டிச்சுக்கோ" என்றார் அவர். முடியாது, எல்லாப் பையனுக்கும் என்ன தண்டனையோ அதுதான் இவனுக்கும் என்று நின்றேன். பதினைந்து நாள் நீக்கி வைத்தார்கள். பதினாறாவது நாள் அவன் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அடுத்த மாதம் ஒரு எலக்ட்ரிக் கடையில் ஏணி பிடிக்கச் சேர்ந்துவிட்டான்.

அந்தக் கதைதான் என் மூலதனம். தம்பி என்றும் பார்க்காத டீச்சர். மூன்று வருடத்துக்கு முன்னால் என் பணிநிறைவு விழாவில் தலைமையாசிரியை அந்தக் கதையை மேடையில் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு மைக் செட்டும் விளக்கும் போட்டது வில்லியம். மேடையோரம் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அதைக் கீழே வைத்துவிட்டு அவனும் கை தட்டினான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, போர்த்திய சால்வையைச் சரி செய்துகொண்டேன்.

எங்கள் அம்மா மறதி நோயில் ஆறு வருடம் கிடந்து போனாள். குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் வில்லியம். நான் பள்ளிக்கூடத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு மாடியில் விடைத்தாள் திருத்தினேன். கடைசி வருடம் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் உள்ளே வந்தால் எழுந்து உட்கார்ந்து கும்பிடுவாள். "டீச்சர், எம் புள்ளைய ஒண்ணும் பண்ணிடாதீங்க டீச்சர்" என்பாள். நோய் பேசுகிறது என்று டாக்டர் சொன்னார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

அம்மாவைப் பார்த்த அந்த டாக்டர் மூலமாகத்தான் அடையாறு ஆராய்ச்சி மையத்திலிருந்து வில்லியத்துக்குப் போன் வந்தது. மறதி நோயில் இறந்தவர்களின் பிள்ளைகளை, அவர்கள் நன்றாக இருக்கும்போதே, வருடத்துக்கு ஒருமுறை என்று மூன்று வருடம் சோதித்துப் பார்க்கிற ஆராய்ச்சி. கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் வரலாம். முதல் நாள் இருவரும் போனோம். அனுப்ரியா என்ற பெண் எங்களை உட்காரவைத்து விளக்கினாள். முப்பது வயதுகூட இருக்காது, பொறுமைசாலி.

"எல்லாருக்கும் ஒரு ஜீன் இருக்கு. அதுல மூணு வகை. ஒரு வகை இருந்தா இந்த நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். இருந்தா கண்டிப்பா வரும்னு இல்ல, இல்லேன்னா வரவே வராதுன்னும் இல்ல. ரத்தத்துல அதைப் பாப்போம். அப்புறம் மெஷின்ல படுக்கவெச்சு ஞாபக வேலை குடுத்து, மூளை எங்க எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாப்போம்."

"நல்லா கீறவங்களப் பாத்து இன்னா மேடம் தெரியும்?" என்று வில்லியம் கேட்டான்.

"ரெண்டு பேர் ஒரே மார்க் வாங்குவாங்க சார். ஆனா அந்த ஜீன் இருக்கிற சிலருக்கு, அதே மார்க் வாங்க மூளை அதிகமா உழைக்க வேண்டியிருக்குன்னு சில ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. அதைத்தான் நாங்களும் பாக்கறோம். ஆனா தனிப்பட்ட ரிசல்ட்டு யாருக்கும் சொல்ல மாட்டோம்."

"ஒரே மார்க்குக்கு ஒருத்தன் மட்டும் டபுள் வேல செய்றான். அது பேப்பர்ல தெரியாது. கரெக்டுதான் மேடம்" என்றான் வில்லியம். அவன் யாரைச் சொல்கிறான் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு மார்க் என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

எனக்குப் பயம் இருந்தது. போன வருடம் லஸ் முனையில் ஒரு பழைய மாணவி வந்து கையைப் பிடித்தாள். மூன்று வருடம் என் வகுப்பில் இருந்தவள், பேர் வரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜெபமாலைக்குப் போய் உட்கார்ந்தேன், பாத்திரம் கருகியது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆராய்ச்சியில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும் என நினைத்தேன். ரிசல்ட் சொல்ல மாட்டோம் என்று அவள் சொன்னது மண்டையில் ஏறவில்லை. ஒரு பரீட்சை இருக்கிறதென்றால் அதில் தேறியாக வேண்டும், எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

வில்லியத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு அடுத்த திங்கட்கிழமை. மெஷினுக்குள் இருபது முகங்கள் காட்டுவார்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பேர். பேர் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பட்டனை அழுத்த வேண்டும். வெளியே வந்ததும் வெறும் முகங்களைக் காட்டிப் பேர் கேட்பார்கள். வில்லியம் பதினொன்று சொன்னான். இந்த வயதுக்கு ரொம்ப நல்ல மார்க் என்று அனுப்ரியா பாராட்டினாளாம். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் கொடுத்த ஃபைலுக்குப் பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, 'வில்லியம், எண் 47' என்று எழுதி அலமாரியில் நிமிர்த்தி வைத்தான். பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கீழே போனேன். சங்கரா மீன் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

"என்னென்ன பேர்டா வந்துது உனக்கு?"

அவன் கை நின்றது. "நெஜமாத்தான் கேக்குறியாக்கா?"

"நிஜமா கேக்காம விளையாட்டுக்கா கேக்கறேன்?"

"வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கினாங்கக்கா."

"நான் என்ன வெளி ஆளா? சொல்லுடா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். மூக்குத்தி போட்ட பெண் ஸ்வர்ணலதா. வழுக்கைத் தலை இசக்கிமுத்து. கன்னத்தில் மச்சம் கீர்த்தி. முக்காடு போட்ட அம்மா கமர் ஜஹான். பெரிய மீசைக்காரர் வந்தபோது நிறுத்தி, மறுபடி என் முகத்தைப் பார்த்து, "மதிவாணன்" என்றான். பதினொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். பிட் வைத்திருந்த பையன்களின் சட்டைப்பையில் முப்பத்தாறு வருடம் கைவிட்டவள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் நடக்கும்போது, மூக்குத்தி ஸ்வர்ணலதா, வழுக்கை இசக்கிமுத்து என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

திங்கட்கிழமை மெஷினுக்குள் டமடமவென்று ஒரே சத்தம். முகங்கள் வந்தன. தெரிந்த முகம் வந்ததும் பட்டனைத் தட்டினேன், கீழே இருந்த பேரைப் படிக்கவே இல்லை. தெரிந்த பாடத்தை எந்தப் பையன் மறுபடி வாசிப்பான்? மற்ற ஒன்பது முகங்கள் எனக்கு இடைஞ்சலாக வந்து போயின. வெளியே வந்து பதினொரு பேர் ஒப்பித்தேன். மீசைக்காரருக்கு மதிவாணன் என்று சத்தமாகவே சொன்னேன். அனுப்ரியாவின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதிக்கொண்டாள். நான் ஆட்டோ பிடித்து, வழியில் இறங்கி, எனக்கு நானே ஒரு டிகிரி காபி வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் இருவரையும் வரச்சொன்னார்கள். வில்லியம் பிரவுன் அட்டை போட்ட ஃபைலோடு வந்தான். அனுப்ரியா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பதினொரு முகத்துக்கு நீங்க பட்டன் அழுத்தின வேகத்துல அந்தப் பேரைப் படிக்கக்கூட நேரம் இருந்திருக்காது. மத்த ஒன்பதுல ஒண்ணுகூட நீங்க சொல்லல. அந்தப் பதினொண்ணும் வில்லியம் சார் சொன்ன அதே பதினொரு முகம். பத்துப் பேர் சரி. மீசை வெச்சவரை மட்டும் மதிவாணன்னு சொன்னீங்க. எங்க லிஸ்ட்ல மதிவாணன்னு யாருமே இல்ல."

காப்பி அடிப்பவனைச் சரியான விடையை வைத்துப் பிடிக்க முடியாது. படித்துத்தான் எழுதினேன் என்று சாதிப்பான். பிட்டில் இருந்த தப்பை அப்படியே எழுதுகிற இடத்தில்தான் மாட்டுவான். புதிதாகச் சேர்ந்த டீச்சர்களுக்கு நான் முதல் நாளே சொல்லித்தருகிற விஷயம் இது. அந்த அறையில் அது என் காதுக்குள் என் குரலிலேயே கேட்டது.

வில்லியம் முந்திக்கொண்டான். "நான்தான் மேடம். சொல்லக்கூடாதுன்னு சொல்லியும் வாய் சும்மா இல்லாம அக்காகிட்ட உளறிட்டேன். மதிவாணன்னு தப்பா சொன்னதும் நான்தான். அக்கா கேக்கவே இல்ல மேடம்."

அனுப்ரியா என் பக்கம் திரும்பினாள். "அப்படியா மேடம்?"

ஒரு சொல் போதும். இல்லை என்ற ஒரே சொல். நான் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தேன். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் வருத்தத்தோடுதான் சொன்னாள். என்னுடைய இந்த வருட விவரங்களைச் சேர்க்க முடியாது, அடுத்த வருடம் வேறு முகங்களோடு நான் வரலாம், தெரியாமல் நடந்ததுதானே. வில்லியம் சார் விதியை மீறியதால் அவரை இனிமேல் கூப்பிட முடியாது. வில்லியம் எழுந்து, ஃபைலை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான். "நல்லா பண்றீங்கன்னு சொன்னீங்க மேடம், தேங்ஸ்" என்றான். தண்டனை அவனுக்கு, நல்ல பேர் எனக்கு. முப்பத்தொன்பது வருடம் கழித்தும் அதே தீர்ப்பு. அன்றைக்காவது அவன் ஜாமெட்ரி பாக்ஸில் பிட் இருந்தது.

அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அடையாறு பாலம் தாண்டி வந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும்தான் கேட்டேன்.

"ஏன்டா நான் கேக்கலன்னு சொன்ன? சனிக்கிழமை உன்னை உக்காரவெச்சுக் கேட்டேனா இல்லையா?"

அவன் சாவியை எடுக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். "சனிக்கெழமையும் கேட்ட."

"சனிக்கிழமையும்னா?"

"வியாழக்கெழமையும் கேட்டக்கா. இதே மாரி சோறு துன்னுக்கினே கேட்ட. பதினொண்ணும் சொன்னேன். காலண்டர் தாளுல எழுதி பைபிள்ல வெச்சிக்கின. சனிக்கெழம வந்து மறுபடியும் மொதல்லேர்ந்து கேக்குற. நான் வெளையாடுறேன்னு நெனச்சேன். அப்பால உன் மூஞ்சிய பாத்தேன். அம்மா கேக்கும்போது இருக்குமே, அந்த மாரி இருந்துச்சு." அவன் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான். "சரி பாப்போம்னு மீசக்காரன் பேர மட்டும் மாத்தி சொன்னேன். முந்தாநாளு வேற பேர் சொன்னியேடா ராஸ்கல்னு கத்துவன்னு பாத்தேன். நீ எழுதிக்கின."

நான் வண்டியிலிருந்து இறங்கி அவன் முன்னால் போய் நின்றேன்.

"நீ கேட்டன்னு சொன்னா, எப்போ கேட்டாங்க, எத்தினி தபா கேட்டாங்கன்னு அந்தப் பொண்ணு நோண்டும். உன்ன எதிர்ல வெச்சுக்கினு நான் இன்னான்னு சொல்றது? எனக்கு மனசு வரல. வுடுக்கா."

மாடிக்கு ஏறிப்போய் பைபிளைத் திறந்தேன். சங்கீதங்களுக்கு நடுவில் தினசரிக் காலண்டர் தாள் ஒன்று மடித்து இருந்தது. முன்பக்கம் வியாழக்கிழமை என்று பெரிதாக அச்சு. பின்பக்கம் என் கையெழுத்தில் பதினொரு பேர், வரிசை எண் போட்டு, அடிக்கோடு போட்டு. மூக்குத்தி ஸ்வர்ணலதா. வழுக்கை இசக்கிமுத்து. பெரிய மீசை முத்துகிருஷ்ணன். அதை எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை. இப்போதும் இல்லை. எவ்வளவு முயன்றாலும் அந்த வியாழக்கிழமை மத்தியானம் எனக்குள் வரவில்லை.

முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம்தான். அதுவும் மறந்ததற்காக இல்லை. பதினாறு வயதில் அவனிடம் ஒரு பிட்டைப் பார்த்தபோது நான் அதை ஊருக்கே காட்டினேன். என்னிடம் இதைப் பார்த்த அவன், யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று தான் ஆசைப்பட்டு வைத்திருந்த ஒரே ஃபைலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அம்மா கும்பிட்டுக் கேட்டது நோயின் பேச்சு இல்லை. அவளுக்கு அது ஒன்றாவது ஞாபகம் இருந்தது.

பாவசங்கீர்த்தனம் செய்தால் போதுமா என்று ஒரு நாள் யோசித்தேன். சாமியார் வெளியே சொல்ல மாட்டார், சுலபம். அதனால்தான் அது போதாது என்று பட்டது. திங்கட்கிழமை காலையில் கீழே போய், "அடையாறுக்கு வண்டிய எடு" என்றேன். "வேணாங்க்கா" என்றான். "எடுடா" என்றேன். டீச்சர் குரல்தான் வந்தது, அதை மாற்ற இனிமேல் வழியில்லை.

அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். நோட்டையும் காலண்டர் தாளையும் அனுப்ரியாவின் மேஜைமேல் வைத்தேன். ஹெட்மாஸ்டர் மேஜைமேல் ஒரு தாளை வைத்த அதே கை. "வில்லியம் தானா எதையும் சொல்லலம்மா. நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். அன்னைக்கு உன் முன்னாடி பொய்யா தலையாட்டினேன். அவனை நீக்கினது தப்பு, நீக்க வேண்டியது என்னை" என்றேன். "ரெண்டு தடவை கேட்டிருக்கேன்" என்றும் சொன்னேன்.

அவள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முத்துகிருஷ்ணன் மேல் ஒரு விரலும் மதிவாணன் மேல் ஒரு விரலும் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வில்லியம் சார் விஷயத்தைப் பெரியவர்களிடம் பேசுகிறேன் என்றாள். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், அந்த வியாழக்கிழமை என்ன நடந்துது? முதல்லேர்ந்து சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த கேள்வி இல்லை. யாரிடமும் வாங்கிப் படித்துக்கொண்டு வந்திருக்கவும் முடியாது.

"எனக்குத் தெரியலம்மா. தம்பி வெளிய உக்காந்திருக்கான், அவனைக் கேளு. அவனுக்கு ஞாபகம் இருக்கும்."